கஜானாச் சாவி யார் கையில்: அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய பத்தாண்டு வரிகள்

1764 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் காலனிகளின் மீதிருந்த ஒரு வரியைப் பாதியாகக் குறைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த கரீபியத் தீவுகளிலிருந்து பாஸ்டன், நியூபோர்ட் போன்ற துறைமுகங்களுக்கு வந்து இறங்கிய மொலாசஸ் எனும் கழிவுப்பாகின் மீது 1733 முதல் காலனுக்கு 6 பென்ஸ் சுங்கம் இருந்தது. புதிய சட்டம் அதை 3 பென்ஸ் ஆக்கியது. அந்தப் பாகைக் காய்ச்சி ரம் வடிப்பது நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பெரிய தொழில்களில் ஒன்று. வரி குறைந்ததற்காக மகிழ்ந்திருக்க வேண்டிய வணிகர்களும் வடிசாலை உரிமையாளர்களும் கொதித்தெழுந்தார்கள். பழைய 6 பென்ஸ் ஏட்டில் மட்டுமே இருந்தது. சுங்க அதிகாரியின் கையில் காலனுக்கு ஒரு பென்னியோ ஒன்றரைப் பென்னியோ வைத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொள்வதே முப்பது ஆண்டு வழக்கம். புதிய 3 பென்ஸோ உண்மையிலேயே வசூலிக்கப்படவிருந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்தப் பாகுக் கணக்கு நல்ல தொடக்கம். வரிக் கொடுமை தாங்காமல் மக்கள் புரட்சி செய்தார்கள் என்று பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் காலனி மக்கள் செலுத்திய வரி, இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடிமகன் செலுத்தியதில் மிகச் சிறிய பங்குதான். வரியின் சுமை மட்டுமே காரணம் என்றால் புரட்சி லண்டனில்தான் வெடித்திருக்க வேண்டும். வசூலான பணம் யாருக்குச் சம்பளமாகப் போகிறது, வசூலிப்பவரை எந்த நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும், கஜானாச் சாவி யாரிடம் இருக்கிறது என்பவையே அங்கே உயிர்நாடியான கேள்விகளாக இருந்தன.

லண்டனின் நெருக்கடியும் பொய்யானது அல்ல. 1763இல் பாரிஸ் உடன்படிக்கையுடன் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் கனடாவையும் மிசிசிபி வரையிலான நிலப்பரப்பையும் வென்றது. கூடவே ஏறத்தாழ ஏழரைக் கோடி பவுண்டாக இருந்த அதன் தேசியக் கடன் பதின்மூன்று கோடியைத் தாண்டியது. வட்டிக்கே ஆண்டுக்கு நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. உள்நாட்டில் இனி வரி போட இடமில்லை. ஆப்பிள் சாற்றில் செய்யும் சைடர் பானத்துக்கு 1763இல் விதித்த வரியே இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில் கலவரத்தை மூட்டியிருந்தது. இந்த நிலையில், வென்ற எல்லைகளைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிரந்தரமாக நிறுத்த முடிவாயிற்று. அந்தப் படையின் செலவில் ஒரு பகுதியையாவது அதனால் காக்கப்படுபவர்களே ஏற்கட்டும் என்று அன்றைய பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கருதியதில், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அநியாயம் எதுவும் தெரியாது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் தோற்று வெளியேறிய பிறகு இவ்வளவு பெரிய படை யாரைக் காக்க என்று காலனியினர் கேட்டார்கள். அதே 1763 அக்டோபரில் அரசர் வெளியிட்ட பிரகடனம் அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்திருந்ததால், படை நிற்பது தங்களைக் காக்க அல்ல, கட்டுப்படுத்தவே என்ற ஐயம் வலுப்பட்டது.

கிரென்வில் நுணுக்கமான கணக்கர். அமெரிக்கச் சுங்கத் துறையில் வசூலாகும் தொகையைவிட வசூலிக்க ஆகும் செலவு பல மடங்கு என்பதைக் கண்டு அவர் திகைத்தார். ஆகவே 1764 சட்டத்தின் உண்மையான பற்கள் வரி விகிதத்தில் இருக்கவில்லை, வசூல் முறையில் இருந்தன. கடத்தல் வழக்குகளை உள்ளூர் ஜூரிகள் முன் கொண்டுபோனால் குற்றவாளியின் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் தந்த வேலையில் பிழைப்பவரும் அவரை விடுவித்துவிடுவார்கள் என்பதால், ஜூரியே இல்லாத கடற்படை நீதிமன்றம் ஒன்று தொலைதூர நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் நிறுவப்பட்டது. குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்கின் உரிமையாளர் தலையில் ஏறியது. பறிமுதலான சரக்கு ஏலத்தில் விற்ற பணத்தில் பிடித்த அதிகாரிக்குப் பங்கு, ஆளுநருக்குப் பங்கு. பங்குக்காகவே பிடிக்கிறார்கள் என்று கப்பல்காரர்கள் குமுறினார்கள்.

இந்தக் குமுறலின் ஆழத்தை உணர, காலனிகளின் உள்ளூர் ஆட்சி அதுவரை எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான காலனிகளில் ஆளுநரை நியமித்தவர் அரசர். அவருக்குச் சம்பளம் வழங்கியதோ உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த பேரவை. மாசசூசெட்ஸ் பேரவை அந்தச் சம்பளத்தை ஆண்டுதோறும் தனியாக வாக்கெடுத்தே வழங்கியது. 1728இல் ஆளுநராக வந்த வில்லியம் பர்னெட், ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று நிலையான சம்பளம் வேண்டும் என அரசரின் ஆணையைக் காட்டிக் கேட்டார்; பேரவை மறுத்தது; மாதக்கணக்கில் நீண்ட அந்த இழுபறி முடிவதற்குள், 1729இல் அவர் இறந்தே போனார். ஆளுநர் வரம்பு மீறினால் அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் அது தெரியும் என்பதுதான் அங்கே எழுதப்படாத அரசியல் சட்டம். காலனி மக்களுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லை. ஆனால் இந்த ஒரு பிடி அவர்கள் கையில் இருந்தது. 1764க்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரிச் சட்டமும் இந்தப் பிடியைத் தளர்த்தும் முயற்சியாகவே அவர்கள் கண்ணில் பட்டது. அந்தப் பார்வையில் மிகை இருக்கலாம், ஆனால் அது வெறும் கற்பனை அல்ல.

1765 மார்ச்சில் நிறைவேறிய முத்திரைத்தாள் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. பத்திரம் எழுத முத்திரைத்தாள் வாங்கும் வழக்கம் நமக்கு நன்கு பழகியது. இங்கிலாந்திலும் பதினேழாம் நூற்றாண்டு முதல் இருந்ததுதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் தொட்ட பொருள்களின் பட்டியல் வாழ்க்கையின் எல்லா மூலைகளிலும் நுழைந்தது. நிலப் பத்திரம், உயில், வழக்கு மனு, கப்பல் சரக்குச் சீட்டு, மது விற்பனை உரிமம் எல்லாம் லண்டனில் முத்திரை குத்தி அனுப்பிய தாளில்தான் எழுதப்பட வேண்டும். சீட்டுக்கட்டு ஒன்றுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு, செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். ஆங்கிலம் அல்லாத மொழியில் அச்சிட்டால் பெரும்பாலும் வரி இரட்டிப்பு. பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஜெர்மானியர்களுக்கு இது நேரடி அடி. வரியை ஸ்டெர்லிங் மதிப்பில் செலுத்த வேண்டும் என்ற விதிதான் எல்லாவற்றிலும் கடினமானது. காலனிகளில் வெள்ளிக் காசுக்கு எப்போதும் தட்டுப்பாடு. போர் முடிந்த கையோடு வணிகமும் படுத்திருந்தது. காலனிகள் அச்சிட்டுவந்த காகிதப் பணத்தையும் 1764இல் வந்த இன்னொரு சட்டம் ஒடுக்கியிருந்தது. கையில் இல்லாத காசில் வரி கேட்டால் அது எவ்வளவு சிறிய தொகையானாலும் பெரிதுதான்.

அரசியல் கணக்கிலும் இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரிலும் அதிகமாக முத்திரைத்தாளை நம்பிப் பிழைப்பவர்கள் வழக்கறிஞர்களும் அச்சகத்தாரும் வணிகர்களும். பேசத் தெரிந்தவர், அச்சிடத் தெரிந்தவர், பணம் படைத்தவர் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே சட்டத்தால் ஒரே அணியில் சேர்த்துவிட்டார்கள். சட்டம் அமலாவதற்கு முந்தைய நாள், அக்டோபர் 31 அன்று, பிலடெல்பியாவில் வெளிவந்த ஒரு செய்தித்தாள் தன் முதல் பக்கத்தைக் கல்லறைக் கல்லின் வடிவத்தில் கருப்புக் கரை கட்டி அச்சிட்டது. முத்திரை பதிய வேண்டிய மூலைக்கு மண்டையோட்டுச் சின்னத்தைக் கொடுத்தது.

எங்கள் பிரதிநிதிகள் இல்லாத மன்றம் எங்களுக்கு வரி போட முடியாது என்பதே காலனிகளின் வாதம். இதற்கு லண்டன் தந்த விடை இன்று படிக்க விசித்திரமாக இருந்தாலும் அன்று உளமார நம்பிச் சொல்லப்பட்டது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற பெருநகரங்களுக்கும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் கிடையாது, ஆயினும் அவை வரி கட்டுகின்றன. ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு மட்டுமன்றிப் பேரரசு முழுமைக்கும் பிரதிநிதி. ஆகவே அமெரிக்கர்களுக்கும் அங்கே பிரதிநிதித்துவம் இருக்கிறது என்றார்கள். மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி இதற்கு 1765இல் எழுதிய மறுப்பு கூர்மையானது. இங்கிலாந்தில் வாக்கில்லாதவர் மீது விழும் வரி, அதை விதிக்கும் உறுப்பினர் மீதும் விழுகிறது. இருவர் நலனும் பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கர் மீது விழும் வரியோ உறுப்பினரின் சுமையைக் குறைக்கிறது. அடுத்தவர் பையிலிருந்து எடுத்துத் தன் பையைக் காப்பவர் அந்த அடுத்தவருக்குப் பிரதிநிதியாக முடியாது.

ஏட்டு வாதங்கள் இப்படி நடந்துகொண்டிருக்க, தெருவில் வேறொன்று நடந்தது. 1765 ஆகஸ்ட் 14 காலையில், பாஸ்டனில் முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஓர் எல்ம் மரத்தில் தொங்கியது. செருப்புத் தைக்கும் தொழிலாளியான எபனேசர் மெக்கின்டோஷ் தலைமையில் கூட்டம் அதை ஊர்வலமாகத் தூக்கிச் சென்று எரித்தது; ஆலிவர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 26 இரவில், கூட்டம் ஆலிவரின் உறவினரும் துணை ஆளுநருமான தாமஸ் ஹட்சின்சன் வீட்டுக்குப் போனது. கதவுகளைக் கோடரியால் பிளந்தார்கள். சுவரில் பதித்த மரப்பலகைகளைப் பெயர்த்தார்கள். கூரை மீதிருந்த சிறு கோபுரத்தைச் சாய்க்க மணிக்கணக்கில் உழைத்தார்கள். தோட்டத்து மரங்களை வெட்டினார்கள். பணத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கொண்டுபோனார்கள். ஹட்சின்சன் மாசசூசெட்ஸின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்துப் படியின் தாள்கள் தெருச் சேற்றில் சிதறின. ஒரு பாதிரியார் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத் தந்தார். சேற்றுக் கறை படிந்த அந்தத் தாள்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. முத்திரைத்தாள் சட்டம் வேண்டாம் என்று லண்டனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதியவர்களில் ஹட்சின்சனும் ஒருவர் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. பல பதவிகளை ஒரு குடும்பமே வைத்திருந்த கோபம், போருக்குப் பிந்தைய வேலையின்மை, பணக்காரர் மீதிருந்த பழைய எரிச்சல் எல்லாம் வரியின் பெயரால் அந்த இரவில் வெளிவந்தன.

நவம்பர் 1 வந்தபோது, ஜார்ஜியாவைத் தவிரப் பதின்மூன்று காலனிகளில் எங்கும் முத்திரைத்தாள் விற்க ஆளில்லை. விநியோகஸ்தர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகியிருந்தார்கள். அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிக் கண்டனத் தீர்மானம் எழுதினார்கள். பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று வணிகர்கள் கையெழுத்திட்டார்கள். சரக்குத் தேங்கிய இங்கிலாந்து வணிகர்களே சட்டத்தை ரத்துசெய்யுமாறு நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். 1766 மார்ச் 18 அன்று சட்டம் ரத்தானது. அதே நாளில், காலனிகளை ‘எந்த விஷயமாயினும்’ கட்டுப்படுத்தும் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அறிவிக்கும் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அமெரிக்கத் தெருக்களில் மணியடித்து, வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடியவர்கள் இரண்டாவது சட்டத்தை வெறும் மானம் காக்கும் சொல் என்று ஒதுக்கினார்கள். அங்கேதான் இரு தரப்பும் ஒருவரையொருவர் தவறாகப் படித்தன. பணத்தை விட்டுக்கொடுத்து உரிமையை வைத்துக்கொள்வது என்ற இந்த ஏற்பாட்டை லண்டன் அடுத்த ஏழு ஆண்டுகளில் மேலும் இரு முறை செய்தது.

1767இல் நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகிய இறக்குமதிகளுக்குச் சுங்கம் விதித்தார். ஆண்டுக்கு எதிர்பார்த்த வருவாய் சுமார் 40,000 பவுண்டு. அதே ஆண்டில்தான் நிலவுடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் தங்கள் நிலவரியைப் பவுண்டுக்கு 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஆகக் குறைத்துக்கொண்டு, அரசுக்கு ஐந்து லட்சம் பவுண்டு இழப்பை ஏற்படுத்தியது. டுலானியின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று அவரே தேடியிருந்தாலும் கிடைத்திராது. ஆனால் டவுன்ஷெண்டின் சட்டத்தில் என் கண்ணுக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு வாசகம்: வசூலாகும் பணத்திலிருந்து காலனிகளின் ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்றது. பர்னெட்டால் நாற்பது ஆண்டுக்கு முன் பெற முடியாததை, காலனி மக்களின் பணத்தைக் கொண்டே, அவர்கள் சம்மதம் இன்றிப் பெறும் வழி இது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே டவுன்ஷெண்ட் இறந்துவிட்டார். அவர் போட்ட முடிச்சு நின்றது.

சுங்க ஆணையர்களின் புதிய வாரியம் பாஸ்டனில் வந்து அமர்ந்தது. 1768 ஜூனில் வணிகர் ஜான் ஹான்காக்கின் கப்பல் ஒன்றைப் பறிமுதல் செய்தபோது கலவரம் வெடித்து, ஆணையர்கள் துறைமுகத் தீவிலிருந்த கோட்டைக்கு ஓடினார்கள். அக்டோபர் 1 அன்று படை வந்து இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊரில் சிவப்புக் கோட்டு அணிந்த வீரர்கள் தெருமுனை தோறும் நின்று போகிறவர் வருகிறவரை அதட்டினார்கள். மறுபுறம், அந்நியச் சரக்குப் புறக்கணிப்பு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நியூ இங்கிலாந்து ஊர்களில் பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு பாதிரியார் வீட்டு முற்றத்தில் கூடி, பொழுதெல்லாம் நூற்று, மாலையில் சிட்டங்களை எண்ணிக் கொடுத்தார்கள். எத்தனை சிட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதின. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ராட்டையை அரசியல் சின்னமாக்கிய நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்தக் காட்சி மிக நெருக்கமாகத் தெரிகிறது. நியூயார்க் துறைமுகத்தின் பிரிட்டிஷ் இறக்குமதி 1769இல் முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

படையினருக்கும் ஊராருக்கும் இடையிலான பகை, கொள்கையைவிடக் கூலியில் கனன்றது. சம்பளம் போதாத வீரர்கள் பணி நேரம் போகக் குறைந்த கூலிக்கு வேலை தேடினார்கள். 1770 மார்ச் 2 அன்று கயிறு திரிக்கும் களம் ஒன்றில் வேலை கேட்டுப் போன ஒரு வீரனை அங்கிருந்தவர்கள் இழிவாகப் பேச, தடிகளோடு பெரும் அடிதடி மூண்டது. மூன்று நாள் கழித்து, மார்ச் 5 இரவில், பனி உறைந்த தெருவில் சுங்க அலுவலகத்தின் முன் காவல் நின்ற வீரனைச் சூழ்ந்து கூட்டம் பனிக்கட்டிகளை எறிந்தது. உதவிக்கு வந்த வீரர்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவராகச் சொல்லப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வழிவந்த கப்பல் தொழிலாளி. வீரர்களுக்காக வழக்காட முன்வந்தவர் விடுதலைத் தரப்பின் வழக்கறிஞரான ஜான் ஆடம்ஸ். தளபதியும் ஆறு வீரர்களும் விடுதலையாக, இருவருக்கு மட்டும் கட்டை விரலில் சூடு போடப்பட்டது. கலவரம் நடந்த காலனியின் ஜூரிகள் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பதை அந்த வழக்கு உலகுக்குக் காட்டியது.

அதே மார்ச் 5 அன்று, அட்லாண்டிக்கின் மறுகரையில், புதிய பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் வரிகளை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தேயிலை மீதான ராத்தலுக்கு 3 பென்ஸ் மட்டும் நீக்கப்படவில்லை. அதை வைத்துக்கொள்வது என்று 1769 மே மாதம் அமைச்சரவையில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் முடிவாகியிருந்தது. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் பின்னால் நடந்த பலவும் வேறாகியிருக்கும்.

அடுத்த மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் அமைதி. இந்த அமைதியை விடுதலை வரலாறு எழுதுபவர்கள் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கழிவுப்பாகின் சுங்கம் 1766இல் காலனுக்கு 1 பென்னி ஆகியிருந்தது. வருவாய்க்கான வரிதான் அதுவும், ஆனால் பழைய கையூட்டின் அளவுக்கே இறங்கிவிட்டதால் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பாஸ்டன் வணிகர்கள் வரி கட்டிய தேயிலையையும் கணிசமாக இறக்கினார்கள். சம்மதமின்றிப் போட்ட வரி என்ற கொள்கை அப்படியே இருக்க, கைகள் மட்டும் பணத்தை நீட்டின. பிறகு 1772இல் ஹட்சின்சன், இப்போது ஆளுநராகியிருந்தவர், தன் சம்பளம் இனி அரசரிடமிருந்து வரும் என்று பேரவையிடம் அறிவித்தார்; உயர் நீதிபதிகளுக்கும் அப்படியே என்ற செய்தி தொடர்ந்தது. அந்தப் பணத்தின் ஊற்று தேயிலைச் சுங்கம். உறங்கிக் கிடந்த கொள்கை விழித்துக்கொண்டது. நவம்பர் 2 அன்று எதிர்ப்புத் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸின் முன்மொழிவில் பாஸ்டன் ஊர்க்கூட்டம் 21 பேர் கொண்ட கடிதத் தொடர்புக் குழுவை அமைத்து, மாநிலமெங்கும் ஊர்களுக்கு எழுதியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் தங்கள் ஊர்க்கூட்டத்தில் விவாதித்துப் பதில் எழுதின. எந்த வரியையும்விட இந்தச் சம்பளச் செய்திதான் உள்நாட்டு உழவரை அரசியலுக்குள் இழுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வரிக்கு எதிரான எல்லாக் கோபமும் லண்டனை நோக்கியதாக இருக்கவில்லை. வட கரோலினாவின் மேற்குப் பகுதி உழவர்கள், தங்கள் கடற்கரைப் பிரபுக்கள் நிறைந்த உள்ளூர்ப் பேரவை போட்ட தலைவரியையும் சுரண்டும் வசூல் அதிகாரிகளையும் எதிர்த்துத் திரண்டார்கள். அந்த வரியில் ஒரு பகுதி ஆளுநர் வில்லியம் டிரையனின் மாளிகை கட்டப் போனது. 1771 மே மாதம் அலமான்ஸில் படை அவர்களைச் சிதறடித்தது. பிறகு ஹில்ஸ்பரோவில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் படையில் ஆளுநரோடு நின்ற பெருந்தனக்காரர்களில் பலர், சில ஆண்டுகளில் சம்மதமற்ற வரிக்கு எதிராகப் போர்க்கொடி தூக்கியவர்கள்.

இனிக் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் லண்டன் சந்தையில் எகிறின. அதில் பங்கு கேட்ட பிரிட்டிஷ் அரசுக்கு ஆண்டுக்கு நான்கு லட்சம் பவுண்டு கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்து, கோட்டையிலிருந்தவர்களை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தது. இந்த மைசூர்ப் போரின் செய்தி லண்டனை எட்டிய சில நாட்களில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அதே காலத்தில் தொடங்கிய வங்காளப் பஞ்சம் மக்களில் மூன்றிலொரு பங்கை அழித்தது என்று அன்றே கணிக்கப்பட்டது. வசூல் மட்டும் கடுமையாகத் தொடர்ந்தது. 1772இல் லண்டன் வங்கி நெருக்கடியும் சேர, கம்பெனி அரசிடம் கடன் கேட்டுக் கையேந்தியது. அதன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ராத்தல் கிடந்தது.

1773 மே மாதம் வந்த தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் போடவில்லை. இங்கிலாந்தில் கட்டும் சுங்கத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தந்து, இடைத்தரகர் இன்றி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதித்தது. பழைய 3 பென்ஸைக் கட்டிய பிறகும், கடத்தி வந்த டச்சுத் தேயிலைக்கு ஈடான விலைக்கு விற்க முடியும். அந்த 3 பென்ஸை எடுத்துவிட்டு, இங்கிலாந்திலேயே வசூலித்துக்கொள்ளுங்கள் என்று நாடாளுமன்றத்தில் சிலர் மன்றாடினார்கள். நார்த் மறுத்தார், உரிமை முக்கியம் என்றார். மலிவுத் தேநீருக்காக உரிமையை விற்பார்கள் என்று அவர் போட்ட கணக்குக்கு, முந்தைய மூன்று ஆண்டு அமைதி ஒரு சான்றாகவே தெரிந்திருக்கும். கடத்தல்காரருக்கும் நேர்மையான இறக்குமதியாளருக்கும் ஒருசேரப் பிழைப்புப் போகிறது என்பதும், கம்பெனியின் பெயர் அமெரிக்காவில் எந்த நாற்றத்தோடு ஒலித்தது என்பதும் அவர் கணக்கில் இல்லை. பென்சில்வேனியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டு எழுதிய துண்டறிக்கையில் வங்காளப் பஞ்சத்தில் மாண்ட லட்சக்கணக்கானோரை நினைவூட்டி, அதே கம்பெனி இப்போது நம் கரையில் இறங்குகிறது என்று எச்சரித்தார். வங்காளத்து உழவனின் சாவு அமெரிக்க அரசியலில் பேசப்பட்டது அப்படித்தான்.

நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் கம்பெனியின் ஏஜெண்டுகள் மிரட்டலுக்குப் பணிந்து விலக, கப்பல்கள் திரும்பிப் போயின. பாஸ்டனில் அது நடக்கவில்லை. அங்கே ஏஜெண்டுகளில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள், ஆளுநரின் சம்பளமோ தேயிலைச் சுங்கத்திலிருந்து வந்தது. முதல் கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. இருபது நாளுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றலாம். டிசம்பர் 16 அன்று, மழையில், பழைய தெற்குத் தேவாலயத்தில் சுமார் ஐயாயிரம் பேர் கூடியிருக்க, கப்பல் உரிமையாளர் ஒருவர் துறைமுகத்தை விட்டுப் போக அனுமதிச் சீட்டுக் கேட்டு மில்டனில் இருந்த ஆளுநர் வீட்டுக்குக் கடைசி முறையாகப் போய், இருட்டிய பின் வெறுங்கையோடு திரும்பினார். அன்று இரவு மூன்று கப்பல்களில் 342 பெட்டிகள் உடைக்கப்பட்டன. கடல் வற்றிய நேரம். கொட்டிய தேயிலை மூழ்க ஆழமில்லாமல் கப்பலின் ஓரத்தில் வைக்கோல் போர்போலக் குவிந்து எழும்ப, இளைஞர்கள் இறங்கி அதைத் தள்ளிக் கலைக்க வேண்டியிருந்தது. கம்பெனி கணக்கிட்ட இழப்பு 9,659 பவுண்டு.

லண்டனின் பதில் 1774இல் வந்த நான்கு சட்டங்கள். இழப்பீடு தரும்வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டம்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. தெற்கே இருந்த காலனிகள் அரிசியும் ஆடுகளும் அனுப்பி ஊரைத் தாங்கின. ஆனால் நாட்டுப்புறத்தைக் கொந்தளிக்கவைத்தது மாசசூசெட்ஸின் ஆட்சியமைப்பையே மாற்றிய சட்டம். மேலவையை இனி அரசரே நியமிப்பார். ஜூரிகளை ஷெரிஃப் தேர்வு செய்வார். அனுமதியின்றி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஊர்க்கூட்டம் கூடாது. துறைமுகத்தையே பார்த்திராத உழவருக்கு இது தன் வாசலில் நடந்த பறிப்பு. செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் நீதிமன்றம் கூட வேண்டிய நாளில், 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் அணிவகுத்து வந்து தெருவின் இருமருங்கும் நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புதிய சட்டத்தின் கீழ் பணியாற்ற மாட்டோம் என்ற வாசகத்தை முப்பது முறைக்கு மேல் படித்தபடி அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே அரசரின் நீதிமன்றம் மாசசூசெட்ஸில் அத்துடன் முடிந்தது.

அக்டோபர் 28 அன்று, ஊர்களின் பிரதிநிதிகள் தாங்களாகவே கூடிய மாகாணப் பேரவை, ஸ்டோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹென்றி கார்ட்னரை வரி பெறுநராக நியமித்தது. ஒவ்வோர் ஊரின் வரி வசூலிப்பவரும் கையிலிருக்கும் பணத்தை, பாஸ்டனில் அரசரின் கஜானாவை வைத்திருந்த ஹாரிசன் கிரேயிடம் கட்டாமல், கார்ட்னரிடம் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. போரின் முதல் துப்பாக்கி லெக்சிங்டனில் வெடிக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. எல்லா ஊரும் உடனே அனுப்பிவிடவில்லை. பணம் மெதுவாகவே வந்தது. ஆனால் ஓர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, நம் வரிப்பணத்தை இரண்டு பெயர்களில் யாரிடம் கொடுப்பது என்று வாக்கெடுத்த மனிதர்கள், தாங்கள் எந்த அரசின் குடிமக்கள் என்பதை அந்த நொடியில் முடிவு செய்தார்கள். வரி கட்டுவதை அவர்கள் நிறுத்தவில்லை. போர்க்காலத்திலும் பிறகும் முன்பைவிடக் கடுமையான வரிகளைத் தங்கள் பேரவைகளுக்குக் கட்டினார்கள்.

தானாகவே வரி விதித்துப் பொதுச் செலவுக்குத் தரும் காலனி மீது வரி போட மாட்டோம் என்று 1775 பிப்ரவரியில் நார்த் முன்வந்தார். உரிமை மட்டும் அப்போதும் லண்டனிடமே இருந்தது. பதில் போகுமுன் போர் தொடங்கிவிட்டது. 1778இல், ஒரு முழுப் படையைச் சரடோகாவில் இழந்த பிறகு, வருவாய்க்காகக் காலனிகள் மீது இனி வரி விதிப்பதில்லை என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றி, 1766இல் எழுதிவைத்த அந்த உரிமையையும் விட்டுக்கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு கார்லைல் பிரபுவின் தூதுக்குழு ஜூனில் பிலடெல்பியா வந்து சேர்ந்தபோது, பிரிட்டிஷ் படை மூட்டை கட்டி நகரைக் காலி செய்துகொண்டிருந்தது. சுதந்திரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது படைகளைத் திரும்பப் பெறுங்கள், அதன் பிறகு பேசலாம் என்று காலனிகளின் கூட்டுப் பேரவையான காங்கிரஸ் பதில் எழுதியது.